புளிச்ச நாத்தத்துக்கு அடியில இருந்தது

சபையாரே, நான் சொல்லப்போறது கேக்க நல்லா இருக்காது. சாப்டுட்டு வந்தவங்களுக்குக் குமட்டும். சாட்சின்னா மல்லிப்பூ வாசனையோட இருக்கணும்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஆண்டவர் எனக்குக் குடுத்த பதில் நாத்தத்தோடதான் வந்திச்சு. அதுக்கு செண்ட் அடிச்சு நான் சொல்ல மாட்டேன்.

எங்க ஊரு நகரி. வீட்டு முன்னாடியே டிபன் கடை, இட்லி, தோசை, வடை. வீட்டுக்காரர் சுதாகர் என்கூடவே கடையில நிக்கிறார். ஒரே பொண்ணு ஜெஸ்ஸி, நாலாவது படிச்சிக்கினு இருந்திச்சு. போன வருஷம் வெயில் ஆரம்பிக்கும்போதே அதுக்கு வாந்தியும் பேதியும் புடிச்சிது. கொஞ்ச நாள் நிக்கும், திரும்ப வரும். துன்ன சோறு அப்படியே வெளிய வரும். பாய், தலகாணி, என் புடவை எல்லாத்துலயும் அந்த நாத்தம். சொல்ல வெக்கமா இருக்குது, பெத்த பொண்ணையே மூச்சைப் புடிச்சிக்கினுதான் தூக்கினேன்.

புத்தூர்ல காட்டினோம், கேக்கல. திருப்பதிக்குத் தூக்கிக்கினு போய் ஆஸ்பத்திரியில சேர்த்து ட்ரிப்ஸ் ஏத்தினோம். அங்க டாக்டரம்மா தெலுங்குலயே நல்லா கண்டிச்சாங்க. இன்னொரு தடவை இப்படி நீர் வத்தி வந்தா கிட்னி தாங்காது, தண்ணியைக் காய்ச்சிக் குடுங்கன்னாங்க. தெருக்குழாய்த் தண்ணியைத் தளதளன்னு காய்ச்சி, ஆற வெச்சுக் குடுத்தேன். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே மறுபடியும் வாந்தி. கண்ணு குழிக்குள்ள போயிடுச்சு. ஸ்கூல் பாவாடை இடுப்புல நிக்கல. "யம்மா, நான் செத்துடுவேனா?"ன்னு கேட்டுச்சு. நான் சமையல் ரூமுக்குள்ள போய் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜெபக்காரம்மா வந்தாங்க. நம்ம சபை இல்ல. கைப்பையில எண்ணெய்க் குப்பியும் ஸ்டிக்கரும் வெச்சிருப்பாங்க. சட்னியை ரெண்டாந்தரம் ஊத்தச் சொல்லி தோசை துன்னுட்டுத்தான் ஜெபமே ஆரம்பிச்சாங்க. கதவுல 'இயேசுவின் ரத்தம்'னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. எகிப்துல பஸ்கா அன்னிக்கு இஸ்ரவேல் ஜனங்க நிலைக்கால்ல ரத்தம் பூசினாங்க இல்ல, அந்த மாதிரின்னு சொல்லி நிலைக்கால் ரெண்டு பக்கமும் எண்ணெயை வழிய வழிய ஊத்தினாங்க. சாவு தாண்டிப் போயிடுமாம். மறுநாள் காலையில நிலைக்கால் பூரா எறும்பு.

போகும்போது மூக்கை உறிஞ்சிக்கினு, "மேற்கால ஒரு பொம்பளைக் கண்ணு தெரியுதும்மா. ஏதோ வெச்சிருக்கா"ன்னாங்க.

மேற்கால வீடு சரோஜா அக்காவோடது. என் ஓர்ப்படி, சுதாகருக்கு அண்ணி. அவங்க வீட்ல பவர்லூம் ஓடுது. சாமி கும்பிடறவங்க. நாங்க சபைக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கம்மி. அது போதாதா எனக்கு? மென்னுக்கினு இருந்த வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அக்கா ஜெஸ்ஸிக்கு ரசம் சோறு கரைச்சிக்கினு வந்தாங்க. கிண்ணத்தை வாங்கி, அவங்க படி இறங்கறதுக்குள்ள சாக்கடையில கொட்டினேன். சீ! நினைச்சா எனக்கே குமட்டுது. அப்புறம் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, யார் செஞ்சாங்கன்னு காட்டுங்க, அவங்களுக்கே திருப்புங்க"ன்னு ஜெபம் பண்ணேன். அது ஜெபமா? அந்தச் சாக்கடையே தேவலாம்.

பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நம்ம பாஸ்டர் ஐயா பஸ்கா பத்திப் பிரசங்கம் பண்ணார். "ரத்தம் பூசினதை எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்கோம். வீட்ல இருக்கிற புளிப்பு மாவை மூலை மூலையா தேடி வெளிய போடச் சொன்னாரே, அது யாருக்கு ஞாபகம் இருக்குது? இந்த ஒரு வாரம் நம்ம வீடுங்கள்ல புளிச்ச மாவு வேணாம். சட்டத்துக்காக இல்ல, பாடத்துக்காக. செஞ்சு பாருங்க"ன்னார்.

எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்திச்சு. கூட்டம் முடிஞ்சதும் நேரா போய் நின்னேன்.

"ஐயா, நான் டிபன் கடைக்காரி. மாவு புளிச்சாத்தான் எனக்குப் பொழப்பு. நீங்க பாட்டுக்கு சொல்லிட்டீங்க!"

"பச்சைப்பயறு அரைச்சு பெசரட்டு போடும்மா. பூரி போடு. உப்புமா கிண்டு. ஒரு வாரத்துல ஊரு ஒண்ணும் பட்டினி கிடக்காது."

முணுமுணுத்துக்கினேதான் செஞ்சேன். பழைய மாவுல ஒரு பிடி எடுத்து வெச்சு, அடுத்த மாவுல கலந்து புளிக்க வைக்கிறது என் பழக்கம். அந்த டப்பாவை நான் காலி பண்ணதே இல்ல. மூடியைத் திறந்தா ஓரமெல்லாம் கருப்பு கட்டியிருந்திச்சு. இதையா ஊருக்குக் கலந்து போட்டேன்னு அருவருப்பா ஆயிடுச்சு. கொட்டினேன். கிரைண்டரைக் கழட்டினேன், குழவிக்கு அடியில காஞ்சு ஒட்டினதையெல்லாம் கத்தியால சுரண்டினேன். குண்டான், கரண்டி, துணி எல்லாத்தையும் தேய்ச்சு வெயில்ல போட்டேன்.

இப்பத்தான் விஷயம். எங்க வீட்ல எந்நேரமும் புளிச்ச வாடை அடிக்கும். அது எங்களுக்குப் பழகிப் போச்சு, யாராவது கேட்டாலும் "மாவு வாடைதான்"னு சொல்லிடுவோம். மாவு போன பிறகும் வாடை போகல. திரும்பத் திரும்பத் தேய்ச்சேன். போகல. மோந்து பார்த்தா, இது மாவே இல்ல. செத்த வாடை.

கிரைண்டர் பக்கத்துல அப்படியே உக்காந்து, "ஆண்டவரே, இது எங்க இருந்து வருதுன்னு காட்டுங்க"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். யார் பேரையும் நான் சொல்லல. எழுந்து நாய் மாதிரி மோந்துக்கினே போனேன். பாத்ரூம் குழாயைத் திறந்தேன். தண்ணியோட சேர்ந்து அந்த நாத்தம் மூஞ்சியில அடிச்சிது.

"ஜெஸ்ஸி, இந்தத் தண்ணி குடிப்பியா நீ?"

"பல்லு தேய்க்கும்போது குடிப்பேன்மா. நீ குடுக்கறது காய்ச்சின வாடை அடிக்குது. காலையில இது சில்லுனு இருக்குது."

அது மாடித் தொட்டித் தண்ணி. குரங்கு மூடியை உடைச்சதுன்னு சுதாகர் அதுமேல ஒரு உடைஞ்ச ஷீட்டைப் போட்டிருந்தார்.

"டாக்டரம்மா தண்ணியைப் பத்திச் சொன்னப்பவே தொட்டியைப் பார்த்தேன்னு சொன்னீங்களே!"

"பார்த்தேன். கீழ இருந்து பார்த்தேன். ஷீட்டு சரியாத்தான் இருந்திச்சு."

போய் ஏறினார். ஷீட்டை நவுத்தினார். அங்கேயே வாந்தி எடுத்துட்டார். நான் ஏறிப் பார்த்தேன். உள்ள செத்த அணிலுங்க. எத்தனைன்னு சொல்ற நிலைமையில அது இல்ல. மயிரும் சேறும் புழுவுமா மிதந்திச்சு. அந்தத் தண்ணியிலதான் குளிச்சோம், வாய் கொப்பளிச்சோம், ஸ்தோத்திரம் சொன்னோம்.

எங்க சத்தம் கேட்டு சரோஜா அக்கா பக்கத்து மாடியில இருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்தாங்க. எட்டிப் பார்த்தாங்க.

"அடிப்பாவி, குழந்தை குடிச்ச தண்ணியாடி இது? இன்னா வேடிக்கை பார்க்கற? வாளியைக் குடு."

புடவையைத் தூக்கிச் சொருகிக்கினு, தோள் வரைக்கும் கையை உள்ள விட்டாங்க. வெறுங்கை. வாரி வாரி வாளியில போட்டாங்க. எனக்கு அதைப் பார்க்கவே முடியல, அவங்க மூஞ்சியைக்கூட சுளிக்கல. பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு பேரும் தொட்டிக்குள்ள இறங்கித் தேய்ச்சோம். என்னால அடக்க முடியல.

"அக்கா, நீங்கதான் ஏதோ செஞ்சு வெச்சிருக்கீங்கன்னு நான் நினைச்சேன்."

"தெரியும். சோத்தைச் சாக்கடையில கொட்டினப்பவே தெரியும். அந்தப் பக்கம் இன்னும் வழவழன்னு இருக்குது பாரு, அழுத்தித் தேய்."

பெரிய வியாழக்கிழமை சபைக்கு ரொட்டி நான்தான் சுட்டேன். கோதுமை மாவு, தண்ணி, அவ்வளவுதான். மீந்ததுல ஜெஸ்ஸி ஒண்ணு துன்னுச்சு. நான் பக்கத்துலயே பாத்திரத்தை ஏந்திக்கினு உக்காந்திருந்தேன். வாந்தி வரல. அன்னிக்கும் வரல, அப்புறமும் வரல. பள்ளிக்கூடம் திறக்கும்போது பாவாடை இடுப்புல நின்னுச்சு. திருப்பதி டாக்டரம்மா பார்த்துட்டு கிட்னி நல்லா இருக்குதுன்னாங்க. உமக்கு நன்றி ஆண்டவரே, எத்தனை தரம் சொன்னாலும் என் வாய்க்குப் போதல.

அந்த ஜெபக்காரம்மா திரும்ப வந்தாங்க. "பார்த்தியா, எண்ணெய் வேலை செஞ்சிது!"ன்னாங்க. "தொட்டி கழுவற வேலை இருக்குதும்மா, வரீங்களா?"ன்னு கேட்டேன். அப்புறம் இந்தப் பக்கமே காணோம். அவங்களைத் திட்டி இன்னா பண்றது? அவங்க சொன்னதைக் கேக்க என் காது அரிச்சிக்கினு இருந்திச்சே.

ரத்தத்தை நான் சாதாரணமா சொல்லல சபையாரே. அதுலதான் நமக்கு உயிர். ஆனா வாசல்ல ரத்தம்னு ஒட்டிட்டு, உள்ள அழுகினதை வெச்சு மூடி, பக்கத்து வீட்டைக் கை காட்டறோமே, அது எனக்கு இப்ப வாயில வைக்க முடியாத அளவுக்குக் கசக்குது. யாராவது வந்து "அவங்க செய்வினை, இவங்க கண்ணு"ன்னு ஆரம்பிச்சா எனக்கு அந்தத் தொட்டி நாத்தம்தான் வருது. இப்ப நானும் அக்காவும் சேர்ந்துதான் ரெண்டு வீட்டுத் தொட்டியையும் கழுவறோம்.

பிள்ளைக்காக அழுதுக்கினு இருக்கிற தாய்மார் இங்க இருந்தா, ஜெபத்தை விடாதீங்க. அவர் கேக்கிறார், நிச்சயமா கேக்கிறார். அவர் நாத்தத்தைக் காட்டினா மட்டும் மூக்கைப் பொத்திக்கினு ஓடாதீங்க. கிட்ட போங்க.

திரும்பிப் பாருங்க, வாசல்கிட்ட நிக்கிறாங்களே, அவங்கதான் சரோஜா அக்கா. சபைக்குள்ள வரமாட்டேன்னுட்டாங்க, அது அவங்க இஷ்டம். இன்னிக்கு அவங்களைக் கையைப் புடிச்சு இழுத்துக்கினு வந்தது ஜெஸ்ஸி. பெரியம்மா வராம நான் வரமாட்டேன்னு அடம் புடிச்சிது.