அப்பா அந்த வண்டியைத் தேடிய காரணம்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுத இடம் கேட்டேன்; நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். சிலருக்கு அது கசக்கலாம்.

அப்பா அனகாபுத்தூரில் ஒரு நெசவாளர் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமானதால் பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, தம்பியைப் படிக்க வைத்தார். அந்தத் தம்பிதான் சித்தப்பா. அம்மா இறந்த பிறகு என்னைத் தனி ஆளாக வளர்த்தார். தொழிற்சாலையை மூடியபோது முதலாளி தம்முடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், கான்வாஸ் கூரை, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். முடிச்சூர் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அப்பா அதை வைத்திருந்தார்.

நான் பிரசவம் முடிந்து அப்பா வீட்டில் இருந்தபோது வண்டியின் முன்பக்கம் மேடு பள்ளத்தில் தடதடவென்று அடித்தது. ஷாக் அப்சார்பரை மாற்று என்றார் ஒரு மெக்கானிக். டயரை மாற்று என்றார் இன்னொருவர். அப்பா எதையும் மாற்றவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. என்னை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை அமுக்கச் சொன்னார்.

"அமுக்கும்போது ஆட்டம் நின்னா பேரிங்தாம்மா கோளாறு. நிக்கல பாரு. கிங் பின் தேஞ்சிருக்கு."

"சரியா அமுக்கினேனாப்பா?" என்று கேட்டேன்.

"உன் புள்ளைய தூங்க வெக்கிற மாதிரி அமுக்குற. நல்லா மிதி."

இன்னொரு முறை மிதித்தேன். அப்போதும் ஆடியது.

சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தண்டுதான் கிங் பின். புதுப் பின்னும், அதற்கான புஷ்களும் லேத்தில் கடைந்து வாங்கி வந்து வலது பக்கத்தை முடித்தார். இடது பக்கத்தில் பின்னை மாட்டிவிட்டார்; அடியில் வரும் நட்டை மட்டும் கையால் திருகி விட்டிருந்தார். மறுநாள் ஸ்பேனர் போட்டு இறுக்கி, நட்டு கழலாதபடி காட்டர் பின் செருக வேண்டும். மழை சாரல் அடித்ததால் சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கொட்டகையின் உள்பக்கம் தள்ளினோம். வேலை பாதியில் நிற்கும் எந்த வண்டியின் ஸ்டீயரிங்கிலும் அப்பா சிவப்புத் துணி கட்டுவார். அன்று அம்மாவின் பழைய புடவையிலிருந்து கிழித்த துண்டைக் கட்டினார். மறுநாள் காலை நெஞ்சுவலி வந்தது.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, உறவினர்கள் நீங்கள் கூடிப் பேசி வண்டியை விற்க முடிவு செய்தீர்கள். கைக்குழந்தையோடு இருந்த என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்க் கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதாலேயே, வாங்க வந்தவருக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடியைத் துடைத்தது சித்தப்பா. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வீடு திரும்பிய அப்பா காலிக் கொட்டகையைப் பார்த்தார். கோபப்படாமல் சித்தப்பாவிடம் கேட்டார்.

"எப்படிடா எடுத்துனு போனாங்க?"

"ஓட்டிக்கினுதான் போனான். ஜம்முனு போச்சு."

அப்பா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வித்தது வித்ததா இருக்கட்டும். வாங்கினவன் யாருன்னு சொல்லு. இடது பக்கம் நட்டு கையாலதான் போட்டிருக்கேன். ஓடுறப்ப சக்கரம் மடங்கிடும்டா."

"இன்னாண்ணே, வண்டிய திருப்பி வாங்க இப்படி ஒரு சாக்கா? உனுக்கு நெஞ்சுல கோளாறு, நீ வண்டிக்கு வைத்தியம் பாக்குற. புரோக்கர் மூலமா போச்சு, வுடு."

"அந்த புரோக்கர் பேராவது சொல்லுங்க, சித்தப்பா" என்று நானும் கேட்டேன்.

"நீ கொழந்தைய பாரும்மா."

அதன் பிறகு அப்பா தேடக் கிளம்பினார். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கினார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பச்சை வண்டி ஓடுவதாக யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போனார். அது வேறு வண்டி. திரும்பி வந்த மறுநாள் விடியற்காலையில் அப்பா எங்களை விட்டுப் போனார்.

அடக்க ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, வண்டிப் பைத்தியம் பிடித்து அலைந்தே செத்தார் என்று பேசிக்கொண்டீர்கள். என் காதில் விழும்படியே பேசினீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் சாகக் கூடாது என்றுதான் அப்பா அலைந்தார். இதை எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

இதற்குள் ஏதாவது ஒரு மெக்கானிக் அந்த நட்டைப் பார்த்து இறுக்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளையோடு ஆட்டோவில் போகும்போது, எதிரே வரும் வண்டிகளின் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன்.

மருத்துவமனையில் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் என் நன்றி. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டவர்களுக்கும் நன்றி சொல்வதுதான் முறை, சொல்லிவிட்டேன்.

இந்த மலரின் முதல் பிரதியைச் சித்தப்பாவின் கையில் கொடுக்கிறேன். பின் அட்டையை ஒன்றும் அச்சிடாமல் விட்டிருக்கிறோம். அந்தப் புரோக்கரின் பெயரை அதில் எழுதித் தாருங்கள், சித்தப்பா. காட்டர் பின் என்னிடம்தான் இருக்கிறது. வண்டியை வாங்கினவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.