பஸ் ஓட்டுநரின் மத்தியான நித்திரை

பதினெட்டு வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டிய என் கணவருக்குப் பகலில் படுக்கத் தெரியாது. இரத்த அழுத்தம் ஏறி, ஒரு நாள் டிப்போவிலேயே தலைசுற்றி விழுந்தார். டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூன்று கிழமை இவரைச் சும்மா இருக்க வையுங்கள். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து."

அவருடன் வேலை செய்து ஓய்வுபெற்ற நோர்வேஜியர் ஒருவர் ஸ்பெயினில் மலைக்கிராமம் ஒன்றில் வீடு வாங்கியிருந்தார். வெயிலுக்குப் பயந்து யூலையில் ஒஸ்லோவுக்கு ஓடிவருபவர். அந்த வீட்டுத் திறப்பை எங்களிடம் தந்தார். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

அங்கே மத்தியானமானால் ஊரே கதவடைத்துப் படுத்துவிடும். இவர் மட்டும் தெருவில் வரும் பஸ்ஸைப் பார்த்தபடி விறாந்தையில் மணிக்கூட்டோடு நிற்பார்.

"ஏழு நிமிசம் பிந்தி வாறான். ஒஸ்லோவிலை எண்டால் விடுவாங்களே?"

"வந்து படுங்கோ!"

"ஓம், அடுத்த பஸ் வரட்டும்."

அடுத்த பஸ் மறுநாள்தான்.

பிறகு நானும் ஒரு பிழை விட்டேன். எங்கள் வாசலால் போகும் ஒழுங்கையில் ஐந்து நோர்வேஜிய ஓய்வூதியக்காரர்கள் இருந்தார்கள். எங்களைப் பார்க்க வந்தவர்களை வெறும் கோப்பியோடு அனுப்ப மனம் வரவில்லை. முப்பது ரோல்ஸ் பொரித்தேன். ஒஸ்லோவில் முதலே சொல்லாமல் மணி அடிக்காத சனம், மறுநாள் மூன்று மணிக்கே வந்துவிட்டது. மூன்றாம் நாள் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இவருக்கோ பெரிய புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. நடுவில் இருந்து ஒஸ்லோ பஸ்களின் கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டார். தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பது பொய்யில்லை. ஒரு கிழமை போயும் அவர் முகத்தில் களைப்புத் தெளியவில்லை.

எட்டாம் நாள் ரோல்ஸ் தட்டோடு படலையில் போய் நின்றேன். வீடு தேடி வந்தவர்களை வாசலில் மறிப்பது எங்கள் ஆட்கள் செய்கிற வேலையா? வெட்கத்தில் காது சுட்டது. "என் கணவர் படுக்கவேண்டும். இன்றைக்கு உள்ளே வரவேண்டாம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. மூத்த பெண்மணி வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, கதிரையை ஒழுங்கை நிழலில் போட்டு, ரோல்ஸ் தட்டுக்குக் கையை நீட்டினார். ஐந்து பேரும் ஒரு சத்தமுமில்லாமல் சாப்பிட்டார்கள்.

உள்ளே போனேன். மனிதர் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடந்தார். குறட்டையும் இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பகலில் அவரை இப்படிக் கண்டதில்லை. இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்? மூக்கடியில் விரலை வைத்தேன். கண் விழித்தார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. மூச்சு வருதோ எண்டு பாத்தனான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

"எனக்கும் அந்தப் பயந்தான். படுத்தால் எழும்பமாட்டனோ எண்டு. நீர் கையை எடுக்காதையும், நான் படுக்கிறன்."

ஐந்து மணிவரை நான் கையை எடுக்கவில்லை.