அக்காவின் மூன்று நகங்கள்

சிவப்பு என்றால் எனக்கு அதுவரை குங்குமச் சிவப்பும் மிளகாய்ப் பழத்தின் சிவப்பும்தான் தெரியும். மூன்றாவதாக ஒரு சிவப்பு ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வந்தது. கட்டைவிரல் உயரமுள்ள ஒரு கண்ணாடிச் சீசாவில் அது இருந்தது. அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, புதுச்சத்திரத்தில் இறங்கி, இரண்டு மைல் நடந்து எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கிணறு வற்றிய ஒரு வருஷத்தில் மாமா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரி வேலைக்குப் போய்விட்டார். அங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணிக்கு ஒத்தாசையாக அத்தை பங்களாவுக்குப் போய்வந்தார். துரைசாணிக்கு வயதாகிக் கை நடுங்கும். ஆனால் நகத்துக்குச் சாயம் பூசாமல் சாப்பாட்டு மேஜைக்கு வரமாட்டாளாம். ஆகவே அத்தையின் கையில் தூரிகையைக் கொடுத்து, எப்படிப் பூசுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். யுத்தம் வருமுன் சீமைக்குப் புறப்பட்டபோது பாதி தீர்ந்த சீசாவையும் அவரிடமே விட்டுப் போனாள். வெள்ளைக்காரிக்கு நகம் பூசுகிறவள் என்று எங்கள் உறவில் அத்தையைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமான பேச்சு உண்டு. அந்த இளக்காரத்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டு அந்த வாரம் அம்மாவே ஆள் அனுப்பி அவரை வரவழைத்திருந்தார்.

காரணம் அக்காவின் வலது கை. ஆறு மாதத்துக்கு முன் அம்மாவும் அக்காவும் சேர்ந்து உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தார்கள். சிதறிய தானியத்தை அக்கா கையால் தள்ளிவிட்ட நேரத்தில் அம்மாவின் உலக்கை இறங்கிவிட்டது. மூன்று விரல்களில் நகம் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. புதிதாக முளைத்தவை சாம்பல் நிறத்தில் தடித்து, ஏர் ஓட்டிய நிலம் போல் வரிவரியாக வந்தன. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழைத்தோம் என்று அப்பா சொன்னார். பிழைக்கவில்லை என்பது ஆடி கழிந்தபின் தெரிந்தது. ராசிபுரம் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கு அக்கா மோர் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி டம்ளரைப் பார்க்காமல் விரலைப் பார்த்தாள். மோரைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நாலு நாளில் ஒரு சொல் ஊரைச் சுற்றி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. பெருநோய்.

குஷ்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் அக்கா வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நடமாடினாள். சாப்பிடும்போதுகூட எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அம்மா அதன்பின் உலக்கையைத் தொடவில்லை. கம்பு குத்த ஒரு ஆள் வந்தாள்.

வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வேறொரு வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அத்தை வந்தது புதன்கிழமை.

வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மொதல்ல சின்னவ கையில பூசிப் பாக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை வருபவர்கள் யாரும் என்னைப் பார்க்கப் போவதில்லை என்பதால் என் பத்து விரல்களும் பரீட்சைக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டன.

முதல் சோதனை மூடியிலேயே தொடங்கியது. சாயம் காய்ந்து சீசாவோடு மூடியைச் சேர்த்து ஒட்டியிருந்தது. அம்மா துணி சுற்றித் திருகிப் பார்த்தார். பின் அடுப்பில் கொஞ்சம் காட்டலாம் என்று எழுந்தார்.

"அடுப்புகிட்டக் கொண்டுபோயிறாதீங்க நங்கையா. இது பத்திக்கும்" என்று அத்தை தடுத்தார். அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் எங்கள் பக்கம் அழைப்பார்கள். தண்ணீர் போல் இருக்கும் சாயம் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாங்கி, சீசாவைக் கவிழ்த்து, மூடி மட்டும் நனையும்படி பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மூடி இளகிக்கொடுத்தது. உடனே அறை முழுவதும் அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழத்தின் வாசனை எழுந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. இத்தனை அழகான ஒன்று மணக்கவும் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாயம் கம்பிப் பதத்துக்கு வந்த வெல்லப்பாகு போல் இழுத்தது. அத்தை இன்னொரு சின்னச் சீசாவை எடுத்தார். அதிலிருந்தது நகச் சாயத்தை அழிக்கிற தண்ணீர். அதை இரண்டே சொட்டு சாயத்தில் விட்டார். அதற்கு மேல் போனால் சாயம் செத்துவிடுமாம். பிறகு மூடி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோன சமயம் சீசாவை எடுத்து நன்றாகக் குலுக்கி வைத்தேன்.

அதன் பலன் என் சுண்டுவிரலில் தெரிந்தது. பூசிய சாயம் பொரித்த அப்பளம் போல் குமிழ் குமிழாக எழும்பியது. அத்தை சீசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குலுக்குனயா சாமி?" என்று மட்டும் கேட்டார். குமிழ் அடங்க அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த விரலில் ஒரே பூச்சாகக் கனமாகப் பூசிப் பார்த்தார். மேலே காய்ந்துவிட்டது போல் மினுங்கியது. நான் தொட்டேன். என் மற்ற விரலின் ரேகை முழுவதும் அதில் பதிந்துவிட்டது. தோல் கட்டியிருக்கிறது, உள்ளே இன்னும் ஈரம் என்றார் அத்தை. நடுவிரலில் நன்றாக வந்தது. ஆனால் மாலையில் முழுச் சாயமும் வெங்காயத் தோல் போல் ஒரே துண்டாக உரிந்து கையோடு வந்தது. காலையில் அம்மா என் தலையில் வைத்த எண்ணெய் நகத்தில் இருந்திருக்கிறது. உரிந்த அந்தச் செந்நிற இதழை நான் எறியவில்லை. பாவாடை நுனியில் முடிந்துகொண்டு அடிக்கடி அவிழ்த்துப் பார்த்தேன்.

இப்படி என் விரல்கள் ஒவ்வொன்றும் தவறித் தவறி, வியாழக்கிழமை மத்தியானம் கட்டைவிரலில் அத்தைக்குப் பிடி கிடைத்தது. சீயக்காய் போட்டுக் கழுவிய நகத்தை அழிக்கிற தண்ணீரால் ஒருமுறை துடைத்தார். தூரிகையைச் சீசாவின் வாயில் வழித்து, நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு கோடு, மூன்றே இழுப்பு. சதையைத் தொடவில்லை. நகத்தின் அடியில் பிறை போல் வெளுத்திருக்கும் இடத்தை மட்டும் பூசாமல் விட்டார். துரைசாணிகள் அப்படித்தான் பூசுவார்களாம். காய்ந்தபின் பார்த்தேன். செக்கச்சிவந்த வானத்தில் ஒரு வெள்ளைப் பிறை என் கட்டைவிரலில் உதித்திருந்தது. ஈரமாக மினுங்கியது, தொட்டால் ஈரமில்லை. மூச்சு விட்டால் மறைந்துவிடுமோ என்று கையை முகத்துக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டேன். சாமி இருப்பது கோயிலில் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அத்தையின் விரல் நுனியிலும் கொஞ்சம் இருக்கிறது என்று நிச்சயமாகப் பட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குத் தயக்கம் வந்துவிட்டது. "மறைச்சு வெச்சுப் பொண்ணக் குடுக்கறதா? நாளைக்கு அவிய கேட்டா என்ன சொல்றது?"

அத்தை அரைத்த மருதாணியை அக்காவின் விரல் நுனிகளில் தொப்பி போல் வைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டா உள்ளதச் சொல்லுங்க. ஒலக்க பட்டுதுன்னு சொல்லுங்க. கேக்கறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போயிரக் கூடாதல்ல, அதுக்குத்தான் இது."

மருதாணி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெறும் நகம் மட்டும் சிவந்திருந்தால் நாடகக்காரி மாதிரி இருக்கிறதே என்பார்கள். விரல் நுனியெல்லாம் மருதாணியில் சிவந்திருந்தால், நகமும் அதோடு சேர்ந்ததாகிவிடும். இவ்வளவு யோசனை துரைசாணியிடமிருந்து வந்திருக்காது. அது அத்தையின் சொந்தச் சரக்கு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்காவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார். மாக்கல் பொடியை ஈரத் துணியில் தொட்டு, வரிவரியாக இருந்த நகங்களை நோகாமல் தேய்த்தார். அப்படியும் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். புது நகம், அடியில் பச்சைப் புண் போல் நொந்தது. பிறகு மெல்லியதாக ஒரு பூச்சு. அது வரிப் பள்ளங்களில் இறங்கியது. காயவிட்டு இரண்டாவது; பள்ளம் தூர்ந்தது. மூன்றாவது பூச்சில் சாம்பல் நகம் எங்கே போனதென்று தெரியவில்லை. வழிந்த இடத்தை வேப்பங்குச்சி நுனியில் பஞ்சு சுற்றித் துடைத்தார். மற்ற ஏழு நகங்களுக்கும் அதே சிவப்பு. பிறை விடவில்லை. நான் அதைக் கேட்டபோது, "இது பாத்து ரசிக்கறதுக்கில்ல கண்ணு, பாத்துட்டு மறக்கறதுக்கு" என்றார்.

அக்கா கையை நீட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பத்து விரல்களையும் விரித்தாள், மூடினாள், மறுபடி விரித்தாள். அந்தச் சொல் வந்த நாள் முதல் முந்தானைக்குள் கிடந்த கை அது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுத்தொழுவத்துக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆண்கள் அப்பாவோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இன்னொரு பெண்ணோடு உள்ளே வந்தார். உயரமான பெண்மணி, அதிகம் பேசாதவர். அக்கா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அந்த அம்மாள் தட்டை வாங்கிப் பாயில் வைத்தார். பிறகு அக்காவின் வலது கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தக் கையை விடவில்லை.

நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேச்சு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டைவிரல் அக்காவின் மோதிரவிரலைத் தடவியது. நகத்தின் மேல் வந்து நின்றது. நகமும் சதையும் சேரும் இடத்தில், அந்தச் சிவப்பின் மேல், தம் நகத்தால் அழுத்தினார். சும்மா தொட்டுப் பார்ப்பது போல் அல்ல. அவர் கை நரம்பு புடைக்கும் அளவுக்கு அழுத்தினார்.

அக்கா "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அத்தையின் முகம் வெளுத்தது. அம்மா பாதி எழுந்து நின்றார்.

"வலிக்குதா கண்ணு?" என்றார் அந்த அம்மாள்.

"வலிக்குதுங்க."

"நெசமா வலிக்குதா?"

"ஆமாங்க. ரொம்ப வலிக்குதுங்க" என்று அக்கா அழுதேவிட்டாள். "அம்மா குத்தற ஒலக்க பட்டுருச்சுங்க. நகம் புதுசா மொளைக்குதுங்க."

"வலிக்கோணும் சாமி, வலிச்சா நல்லதுதான்" என்று அவர் சொன்னார். சொல்லிக்கொண்டே அக்காவின் விரலைத் தம் வாயருகே கொண்டுபோய் ஊதினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பூ வெச்சுட்டுப் போறமுங்க" என்றார்.

அம்மா பாயிலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து அவர் முன் நகர்த்தினார்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்தச் சீசாவால்தான் என்று எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் கட்டைவிரல் பிறையைக் காட்டி அப்படித்தான் சொன்னேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: அக்காவுக்கு வாய்த்த மாமியார் பொல்லாதவள், பெண் பார்க்க வந்த இடத்திலேயே நகத்தைக் கிள்ளி அழவைத்தாள் என்று. கல்யாணத்தன்று அவர் என்னைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொள்ள வந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் எதிரில் என் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். அவர் அதைக் கவனித்தார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கே கல்யாணமாகி, முதல் குழந்தை கையில் இருந்தபோது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டாக்டர் வந்து எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, விரல்களிலும் கையிலும் ஊசி முனையால் மெல்லக் குத்தினார். வலித்தால் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவள் என் வயதுக்காரி, களை எடுக்க எங்களோடு வருபவள். டாக்டர் ஒருமுறை குத்தினார். அவள் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். இன்னொருமுறை குத்தினார். அவள் சிரித்துக்கொண்டு, "இன்னும் குத்தலீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பெருநோய் பிடித்த இடத்தில் வலி தெரியாது என்று பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஊர் பேசிய சொல் அக்காவின் மாமியார் காதுக்கும் எட்டியிருந்திருக்கிறது. எட்டியும் பெண் பார்க்க வந்திருக்கிறார். யாரையும் விசாரிக்காமல், எவர் முகமும் கோணாமல், தம் விரலாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். அக்கா அழுதபோது அந்த வீட்டில் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாளுக்குக் கண் மங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையை அவர் மடியில் வைத்தேன். யார் கை என்று தடவிப் பார்த்துவிட்டு, "சின்னவளா?" என்றார்.