சித்தியின் ரோஜாவுக்கு ஒரு சாக்கு

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு பழைய அரிசிச் சாக்கு வெளியே வரும், ரோஜாச் செடிக்குப் போர்த்த. வெக்கைத் தீவான எங்கள் பாம்பூஃப்ளாட்டில் ஏது பனி என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

இது என் சித்தியின் பழக்கம். அவள் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்தவள். அங்கே உறைபனி விழுந்தால் ஒரே இரவில் செடி கருகிவிடுமாம். சாயங்காலமே மூடிவிட்டு, வெயில் ஏறியபிறகு எடுப்பார்களாம். பெற்றவர்களோடு கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, கல்யாணமாகி, உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டும் ஊரில் குடித்தனம் நடத்தியபோதும் அவள் அதை விடவில்லை. வாசலில் இருந்த ஒரே ரோஜாவைச் சுற்றிக் குச்சி நட்டு, சாக்கை விரித்து, ஓரங்களில் கல் வைப்பாள். விடுமுறைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துகிறவள் போல அத்தனை மெதுவாகச் செய்வாள்.

சித்தப்பாவுக்கு அது தினசரி வேடிக்கை. "இங்க ஏதுடி தண்டா? ரோஜாவுக்குக் கம்பளி போத்துற பாகல் இந்தத் தீவுலயே நீ ஒருத்திதான்" என்பார், தீவு இந்தி கலந்து; குளிருக்குத் தண்டா, பைத்தியத்துக்குப் பாகல். "மூடாட்டி மனசு கேக்க மாட்டேங்குதுங்க" என்று சித்தியும் சிரிப்பாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அந்தச் சாக்கு இற்றுக் கிழிந்துவிட்டது. கேலி செய்த மனிதர்தான், விடிந்ததும் விடியாததுமாகக் கடலோரக் கடையில் ஒரு சாக்கு வாங்கிவரப் புறப்பட்டார். சற்று நேரத்தில் நிலம் குலுங்கியது. பின்னாலேயே கடல் வந்தது. வீடு மேட்டில் இருந்ததால் சித்தி பிழைத்தாள், ரோஜாவும் பிழைத்தது. சித்தப்பா திரும்பவில்லை.

சித்தியை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அபர்டீன் பஜாரிலிருந்து அம்மா அவளுக்கென்று ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்தாள். சித்தி அதற்குத் தண்ணீர் ஊற்றினாள், பூச்சி பார்த்தாள். சித்தி மறுபடி மனுஷியாகிறாள் என்று சந்தோஷப்பட்டோம். அடுத்த மார்கழியில் உப்புக்காற்று அடித்து இலை ஓரங்கள் தீய்ந்தன. மூடினால் பிழைக்கும் என்று அம்மா ஒரு சாக்கை எடுத்து வந்தபோது சித்தி சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. அன்னிக்கு அவர நான் போகச் சொல்லல. போகாதீங்கன்னும் சொல்லலையே."

அம்மா சாக்கை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். செடி பட்டுப்போனது. அந்தக் காய்ந்த குச்சிக்குச் சித்தி வெகுநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சில வருடங்களில் அவளும் போய்விட்டாள். சாக்குக்காக இல்லை சித்தி, உன்மேல் இருந்த பிரியத்தில் போனார் என்று ஒருவராவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அவள் செடி இருந்த அதே இடத்தில் இப்போது என் ரோஜா நிற்கிறது. அம்மா மடித்து வைத்த சாக்கைத்தான் போர்த்துகிறேன். நேற்று விரித்தபோது நடுவில் கிழிந்துவிட்டது. "பஜார்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன்" என்று என் கணவர் செருப்பை மாட்டினார்.

"போகாதீங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டார். நான் கோணி ஊசியை எடுத்துக் கிழிசலைத் தைக்க உட்கார்ந்தேன்.