கிராம்பு வாடை

ஜூரோங்கில் எங்கள் லாரி கம்பெனியில், ஓட்டுநர் என் முகத்தருகே ஊதிக் காட்டினால்தான் சாவி கொடுப்பேன். குடித்திருக்கக் கூடாது என்பது விதி. பெரிய மீசைக்காரர் ஒருவர் தினமும் முதல் ஆளாக வந்து, குனிந்து ஊதுவார். ஒருநாள் பல்வலிக்குக் கிராம்பு மென்று வந்தார். அது பீர் வாடையை மறைத்துவிடுமே என்று திருப்பியனுப்பினேன். அன்று அவருக்குச் சம்பளம் இல்லை. மறுநாள் கிராம்பில்லாமல், வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார்.

"பல்லைப் பிடுங்கிடுங்களேன்" என்றேன்.

"பிடுங்கினா மருந்து வாடை வருமே, சாவி தருவீங்களா சார்? சந்தேகம் புடிச்ச மூக்கு லா உங்களுக்கு!"

"தர்றேன், போங்க."

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஊதினார். மருந்து வாடைதான். இருந்தும் மனம் கேட்காமல் இன்னொரு முறை ஊதச் சொன்னேன். கன்னத்தைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே ஊதினார். அவருக்கு ஏன் கோபம் வரவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.