பதினொரு முறை தூக்கிய கை

பழைய பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘ஸ்கேல் டீச்சர்’ என்று பெயர். அடித்ததால் வந்த பெயர் இல்லை. விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடாதவனுக்கு அரை மதிப்பெண் போய்விடும், அதனால் வந்தது. பதினான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ‘அந்த டீச்சரிடம் ஓரவஞ்சனை கிடையாது’ என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சுக்காக அவள் உயிரையே விடுவாள்.

அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. டீச்சர் பிள்ளை தன் வகுப்பிலேயே இருந்தால், டீச்சர் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. கேள்வி கேட்டால், ‘வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருப்பா’ என்பார்கள். பரிசு கொடுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் டீச்சர் பிள்ளைகள் எல்லாம் இருந்தும் இல்லாதவர்கள் போல வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பெருமை என்று வேறு நினைத்தார்கள் அந்த டீச்சர்கள். என்ன பெருமையோ!

வெளிநாட்டு சர்வதேசப் பள்ளியில் வேலை கிடைத்ததும் குடும்பமே மூட்டை கட்டியது. கணவன் மருந்துக்கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்தான். விசாவில் ‘மனைவியைச் சார்ந்தவர்’ என்று இருந்ததைப் படித்துவிட்டு, “இதை நான் கல்யாணத்தன்னைக்கே ஒத்துக்கிட்டேனே” என்று சிரித்தான். பெரியவளுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்கு இரண்டு.

பள்ளி கொடுத்த வீடு நான்காவது மாடியில். கட்டில், சோபா, சோற்றுக் கரண்டி வரை எண் ஒட்டியிருந்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதில் தேறாவிட்டால் கரண்டியை எண்ணி ஒப்படைத்துவிட்டு, முப்பது நாளில் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

நான்காம் வகுப்புக்கு ஒரே பிரிவுதான். பெரியவள் அம்மாவின் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் காலை லிஃப்டில் இறங்கும்போதே, “ஸ்கூல்ல நான் உனக்கு அம்மா கிடையாது, மிஸ். புரிஞ்சுதா?” என்றாள் இவள்.

“புரிஞ்சுது மிஸ்,” என்றது குழந்தை, லிஃப்டிலேயே.

இரண்டாம் மாதக் கடைசியில், டீச்சர்களை மேற்பார்வை செய்யும் கோஆர்டினேட்டர் வகுப்பைப் பார்வையிட வந்தார். அந்த வாரம்தான் வேறு கிளையிலிருந்து மாறி வந்திருந்த அம்மாள். யார் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகள் உட்காரும் இடங்களைப் படமாகப் போட்டு, யார் கை தூக்கினார்கள், யாரை டீச்சர் கேட்டார் என்று சின்னச் சின்னக் கோடாகக் கிழித்துக்கொண்டே இருந்தார். பாடம் கச்சிதமாக முடிந்தது. இவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

மாலையில் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு அந்தத் தாளை இவள் பக்கம் திருப்பினார்.

“ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண். பதினொரு முறை கை தூக்கினாள். நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் குழந்தைமேல் உங்களுக்கு என்ன கோபம்?”

இவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. “அவள் என் மகள்,” என்றாள். அத்தோடு விஷயம் தீர்ந்தது என்று நினைத்தாள்.

கோஆர்டினேட்டர் பேனாவை மூடி வைத்தார். “அப்படியென்றால் இன்னும் மோசம்.” பாரபட்சம் என்று எழுதினார். அடுத்த வாரம் மறுபடி வருவதாகவும், அதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கைப்பையைச் சோபாவில் விட்டெறிந்தாள். கணவன் சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, எனக்குப் பாரபட்சமாம்! என்னைப் பார்த்து! பதினாலு வருஷத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா? நேத்து வந்தவ எழுதிட்டுப் போறா!”

முழுக் கதையையும் கொட்டித் தீர்த்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “பதினோரு தடவையா?” என்றான்.

“அதுவா இப்போ முக்கியம்?”

“அவ கை தூக்கினதை நீ பார்த்தியா, இல்லையா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டுமா?” கிண்ணத்தை ணங்கென்று வைத்தான். குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவன். “கண்டம் விட்டுக் கண்டம் வந்திருக்கோம். அங்கே குப்பையில போட வேண்டிய வழக்கத்தை எதுக்குடி பெட்டியில வச்சுக் கட்டிக்கிட்டு வந்தே?”

“வேலை போச்சுன்னா நாலு பேரும் நடுத்தெருவுல நிக்கணும். அதைப் பத்திக் கவலை இல்ல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க!”

ஒரு காலில் மட்டும் ஷூவோடு பெரியவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

“மத்தவங்க தப்பாச் சொன்னாக்கூட, பரவாயில்ல, இன்னொரு தடவை யோசின்னு சிரிக்கறே. நான் சரியாச் சொல்லத்தான் கை தூக்கறேன். இனிமே தூக்க மாட்டேன், போ!” என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஷூவையும் கழற்றி வீசிவிட்டு உள்ளே போனாள்.

சொன்னபடியே செய்தாள். அந்த வாரம் முழுக்க அவள் கை மேஜையைவிட்டு எழவில்லை. பார்க்காமலே இருந்து பழகிய அம்மாவுக்கு இப்போது அந்த ஜன்னலோரத்தைவிட்டுக் கண் நகரவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. கோஆர்டினேட்டர்மேல், கணவன்மேல், அந்தப் பிடிவாதக் குட்டிமேல். தன்மேல் மட்டும் வரவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

கோஆர்டினேட்டர் வந்தார். அதே கடைசி வரிசை, அதே மாதிரித் தாள். இவள் பலகையில் எழுதினாள்: முக்காலில் பாதி எவ்வளவு? எட்டுக் கைகள் எழுந்தன. ஜன்னலோரம் ஒன்றும் இல்லை. முதலில் ஒரு பையனைக் கேட்டாள். தப்பாகச் சொன்னான். இன்னொரு பெண், அதுவும் தப்பு. பின்னாலிருந்து பேனா கிழிக்கும் சத்தம் இவளுக்குக் கேட்டது. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தை எழுந்தாள். விடை அவளுக்குத் தெரியும், அது அம்மாவுக்கும் தெரியும். கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, ஆங்கிலம் தவிர எதுவும் பேசாத அந்த வகுப்பில், தமிழில் கேட்டாள்:

“அவங்க பார்க்கறாங்கன்னுதானேம்மா என்னைக் கேக்கறே?”

மற்ற பிள்ளைகள் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை என்ன சொல்கிறாள் என்று, தமிழ் தெரியாத கோஆர்டினேட்டர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

விடை தெரியவில்லையாம் என்று சொல்லியிருக்கலாம். வெட்கப்படுகிறாள் என்றிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மகள் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வரவிடாமல் பிடித்து வைத்திருந்த கோபம் அப்போதுதான் வந்தது, மொத்தமும் தன்மேல். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

மகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, “ஆமாம், அதற்காகத்தான் கேட்டேன்” என்றும் சொன்னாள்.