சுண்ணாம்புக் குழிமேல் ஒரு நாற்காலி

ஆம்பூரில் என் அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பை மூடியதும், முதலாளிக்குத் திடீரென்று ஏழைகள்மேல் இரக்கம் பிறந்தது. தோல் ஊறப்போடும் குழிகளை மண் கொட்டி மூடி, மேலே வரிசையாக வீடுகள் கட்டினார். குடியிருப்புக்கு ஒரு பூவின் பெயரை வைத்தார். எந்தப் பூ என்று சொல்லமாட்டேன், அது என்ன பாவம் செய்தது? வேலை போனவர்களே முதலில் வந்து வீட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பெரிய மனசு.

அப்பா அங்கே சுண்ணாம்புக் குழியில் இருந்தவர். மயிர் கழன்று வருவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு மிதிப்பதும் புரட்டுவதும் அவர் வேலை. தோலுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. முட்டிக்குக் கீழே அவர் காலில் ஒரு மயிர் இருந்து நான் பார்த்ததில்லை.

"எந்தக் குழி எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? குழி இல்லாத வூடா எடுக்கறேன் பாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கேட்டிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனார். தலையில் ஈரத்தோல் சுமந்து நடப்பவர்களுக்குக் காலடி தெரியாது. கேட்டிலிருந்து இத்தனை எட்டு என்பதுதான் அவர்களுக்கு வழி. முதல் குழி பதினேழாவது எட்டில். அதைத் தாண்டியிருந்த வீட்டைக் காட்டி "இதான்" என்றார். ராஜாங்கமாய்க் குடியேறினோம்.

அந்த மழைக்காலத்தில், பேரணாம்பட்டிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அதனால் என் அம்மா, அப்பா ஷாப்பில் கிளார்க்காக இருந்தார் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவே இரண்டு பேர் துணை வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. அதையும் மறைப்பானேன்?

வாத்தியாருக்கு மரியாதை செய்யப் பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள்.

"கிளார்க்குன்னா எழுத்து வேலை ஜாஸ்தி இருந்திருக்குமே?" என்றார் வாத்தியார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே "ஆமாங்க" என்றார். அந்தத் தரையில் நாற்காலியின் பின்கால்கள் இறங்கின. பிறகு முன்கால்கள். பிறகு வாத்தியாரின் வலது கால், முட்டி வரைக்கும். வெள்ளைச் சேறு கொப்பளித்தது. பூவின் பெயரால் மூடி வைத்திருந்த நாற்றமும் கூடவே வந்தது.

ஒரு கிளார்க் அப்போது என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. அப்பா ஒரே தாவலில் வாத்தியாரின் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டார். "தேய்க்காதீங்க, தோலு போய்டும்! யம்மா, புளி கரைச்சு எடுத்தா, சீக்கிரம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சுண்ணாம்பை முறிக்க, நான் கொண்டுவந்த புளித் தண்ணீரை ஊற்றி, அந்தக் காலைத் தன் மடிமேல் வைத்து, விரல் இடுக்கெல்லாம் கழுவினார்.

வாத்தியாரின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தன் காலைப் பார்த்தார், அப்பாவின் கால்களைப் பார்த்தார், "சொல்லி அனுப்பறோம்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. போட்ட காபியைக்கூடத் தொடாமல் போனார்கள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா வெளியே ஓடினார். பழைய கேட் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். முதலாளி புது கேட்டை ரோட்டுப் பக்கமாகத் தள்ளிக் கட்டியிருந்தார். வீடு பொறுக்கிய அன்று அப்பா எண்ணியது அந்தப் புது கேட்டிலிருந்து. அது அப்பாவின் கண்ணுக்குத் தெரியும், கால்களுக்குத்தான் தெரியவில்லை. "பதினேழு! நாற்காலி வுழுந்த அதே எடம்! என் கணக்குல இன்னா தப்பு?" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. கல்யாணம் போனதற்காகவும்தான். ஆனால் அதைவிட, அந்த மனிதரை என் பொருட்டு "ஆமாங்க" என்று சொல்ல வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்து பெண் பார்க்க வந்தவர்களிடம், அம்மா வாயைத் திறப்பதற்கு முன் நானே சொன்னேன்: "எங்கப்பா சுண்ணாம்புக் குழியில வேல செஞ்சவரு. குழி அதோ, அந்தப் பாய்க்குக் கீழ கீது. பாத்து உக்காருங்க."